கடலூரில் சமூகப் பணியாளர் சங்கம் நடத்துவது எப்படி? பதிவு முதல் பின்தொடர்தல் வரை

கடலூர் மாவட்டத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. மஞ்சக்குப்பத்தில் கிளம்பி முதுநகர் போய்ச் சேர்வதற்குள் ஃப்ளெக்ஸ் பேனர்களிலேயே நிறையப் பெயர் படித்துவிடலாம். ரத்த தானம், நோட்டுப் புத்தகம், மரக்கன்று, நிறுவனத் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் ஒரு காலனித் தெருவுக்கு மாதக்கணக்கில் குடிதண்ணீர் வரவில்லை என்றால் இவர்களில் யார் மனு எழுதுவார்கள்? எழுதினாலும், அந்த மனு இப்போது எந்த மேஜையில் கிடக்கிறது என்று அடுத்த மாதம் யார் போய்க் கேட்பார்கள்?

இந்த வழிகாட்டி அந்தக் கடைசிக் கேள்விக்காக எழுதியது. உரிமை சார்ந்த வேலையில் மனு கொடுப்பது கால்வாசிதான்; பாக்கி முக்கால்வாசி பின்தொடர்வது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பலர் கையில் இருப்பது முன்பே கொடுத்த மனுவின் நகல்தான்.

நம் பகுதிக்கு இந்த வேலை புதிதில்லை. வள்ளலார் 1865-ல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார், அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து நாடாளுமன்றம் போன எல். இளையபெருமாள் தலைமையில் 1965-ல் ஒரு குழு அமைந்தது. தீண்டாமை எப்படியெல்லாம் நடக்கிறது என்று நாடு முழுக்க விசாரித்து 1969-ல் அறிக்கை கொடுத்தது. சோறு, படிப்பு, சட்டம் மூன்றுக்கும் இங்கேயே ஆள் இருந்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் ஒரு சங்கம் மூன்றையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். எது நம் வேலை என்று முதலிலேயே பேசித் தீர்த்துக்கொண்டால் பின்னால் சண்டை குறையும்.

1. ஆட்களைச் சேர்ப்பது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி சங்கம் பதிய ஏழு பேர் போதும். அந்த ஏழு பேர் யார் என்பதில்தான் சங்கத்தின் தலையெழுத்தே இருக்கிறது. ஒரே தெரு, ஒரே சாதி, எல்லாரும் ஆண்கள் என்று ஆரம்பித்தால், எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் பக்கத்துத் தெரு அதை 'அவங்க சங்கம்' என்றுதான் சொல்லும். பிறகு உறுப்பினர் அட்டை அடித்துக் கொடுத்தாலும் அந்தப் பேச்சு மாறாது.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் காலனியிலிருந்து வருபவர் வாசலோடு நின்றுவிடுவார். யாரும் தடுக்க வேண்டியதில்லை, பழக்கமே தடுத்துவிடும். நூலகம், பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் என்று எல்லாரும் கூசாமல் உட்காரக்கூடிய இடம் பாருங்கள். நாற்காலி பத்தாது என்றால் எல்லாரும் தரையில் உட்காருங்கள். 2020-ல் புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த புகைப்படம் வெளியானது நினைவிருக்கும். வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது. யார் எதில் உட்காருகிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் வெறும் இடவசதிப் பிரச்சினை கிடையாது.

நேரமும் அப்படித்தான். இரவு எட்டு மணிக்கு வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள். ஞாயிறு காலை என்றால் மீனவர் குப்பங்களில் வேலை நேரம். ஒவ்வொரு பகுதியிலும் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

2. பதிவு

மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். விண்ணப்பம் பதிவுத்துறையின் இணையதளம் வழியாகப் போகும். தேவைப்படுவது சங்கக் குறிப்பாணை, துணை விதிகள், உறுப்பினர்களின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று. பெயரில் ஒரு எச்சரிக்கை: 'மனித உரிமை' என்ற சொல்லோடு தனியார் சங்கம் பதிய அனுமதிப்பதில்லை. அந்தச் சொல்லைக் காரின் முகப்பில் ஒட்டிக்கொண்டு டோல்கேட்டிலும் காவல் நிலையத்திலும் மிரட்டித் திரிந்தவர்கள் செய்த கைங்கரியம்.

துணை விதிகளை ஆவண எழுத்தரிடம் இருக்கும் பழைய மாதிரியிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். மூன்று விஷயங்களையாவது உட்கார்ந்து பேசி எழுதுங்கள்: உறுப்பினரை எந்தக் காரணத்துக்காக, எந்த முறையில் நீக்கலாம், வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து, கட்சிப் பொறுப்பில் இருப்பவர் சங்க நிர்வாகியாக இருக்கலாமா. சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இதை இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால் அப்புறம் தாமதத்துக்கு விலக்கு கேட்டு அலைய வேண்டியிருக்கும். நிறையச் சங்கங்கள் செத்துப்போவது கொள்கைச் சண்டையில் இல்லை, இந்தக் காகிதத்தில்தான்.

புதுச்சேரி எல்லைக்குள், அதாவது முள்ளோடை தாண்டிப் பாகூர் பக்கம், வேலை என்றால் அங்கே 1860-ம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். கடலூரில் பதிந்த சங்கம் அங்கே போய் மனு கொடுக்க யாரும் தடை சொல்ல முடியாது. ஆனால் அங்கேயே அலுவலகம், கிளை என்று நடத்தப் போகிறீர்கள் என்றால் தனியாகப் பதிவது நல்லது.

3. பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாவுக்கும் நன்கொடைக்கும் ரசீது. எல்லாப் பணமும் வங்கி வழியே. இரண்டு பேர் கையெழுத்து. வெளிநாட்டிலிருந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் நண்பரே அனுப்பினாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. சங்கத்தின் வருமானத்துக்கும் நன்கொடை தருபவருக்கும் வருமான வரிச் சலுகை தரும் பதிவுகள் (1961-ம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி என்று இருந்தவை) நன்கொடை திரட்டும் சங்கத்துக்கு உதவும். சந்தாவிலேயே ஓடும் சிறிய சங்கம் முதல் வருடமே அதற்காக அலைய வேண்டாம்.

எந்த ஆலையின் புகையைப் பற்றி நாளை மனு எழுத வேண்டியிருக்குமோ, அந்த ஆலையிடம் இன்றைக்கு விழாவுக்கு நன்கொடை வாங்காதீர்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

4. ஆதாரம் சேர்ப்பது

கடலூர் சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) சுற்றுவட்டார மக்கள் இதற்கு ஒரு பாடமே எடுத்திருக்கிறார்கள். 'நாத்தம் தாங்கலை' என்று குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிகுப்பம் மக்கள் எத்தனையோ வருடம் சொன்னார்கள். அதிகாரிகள் வரும்போது நாற்றம் இருக்காது. 2004 வாக்கில் உள்ளூர் ஆட்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்தார்கள். வாளிக்குள் பிளாஸ்டிக் பை வைத்துக் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் எளிய கருவியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதோடு நாற்றத்துக்கு நாட்குறிப்பும் வைத்தார்கள். எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன மாதிரி வாடை, கண் எரிந்ததா, தலை வலித்ததா. அழுகிய முட்டைக்கோஸ் வாடையையும் நகப்பூச்சு வாடையையும் பிரித்து எழுதும்போது அது எந்தப் பக்கத்து ஆலையிலிருந்து வருகிறது என்பதற்கே ஒரு தடயம் கிடைக்கிறது. 'நாத்தம்' புகாராக இருந்தது. இப்படி எழுதியபின் அது ஆதாரம் ஆனது.

இதே முறையை எதற்கும் போடலாம். ரேஷன் கடை எந்தெந்த நாளில் மூடியிருந்தது, அங்கன்வாடியில் முட்டை எந்தக் கிழமை கொடுக்கவில்லை, தெருக்குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது. ஒரு நூறு பக்க நோட்டு போதும். ஒரு வீட்டில் ஒருவர் பொறுப்பு. பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான் சரியாக எழுதுவார், ஏனென்றால் குடத்தோடு காத்து நிற்பது அவர்தான். புகைப்படம் எடுத்தால் தேதியும் இடமும் பதிகிற மாதிரி எடுங்கள். எடுத்தவர் பெயரையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

5. மனு எழுதுவது

நல்ல மனு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். தண்ணீர், சாலை, சுடுகாட்டுப் பாதை, பட்டா என்று நான்கையும் ஒரே தாளில் எழுதினால் நான்கு துறைக்குப் போக வேண்டிய மனு முதல் துறையிலேயே படுத்துவிடும்.

'காலம் காலமாக வஞ்சிக்கப்பட்டு வரும் எங்கள் மக்களின் கண்ணீரைத் துடைக்க' என்று தொடங்கும் மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்வது உண்மைதான். ஆனால் அதைப் படிக்கிற எழுத்தருக்கு எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்று தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள், ஒரு மாதிரிக்கு:

'எங்கள் ஊராட்சி 3-வது வார்டு ஆதிதிராவிடர் குடியிருப்பில் 62 வீடுகள் உள்ளன. மார்ச் 4 முதல் தெருக்குழாய்களில் தண்ணீர் வரவில்லை. அதே மேல்நிலைத் தொட்டியிலிருந்து மேலத்தெருவுக்குத் தினமும் காலையில் தண்ணீர் வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள வால்வு பழுதாகியிருப்பதாகத் தொட்டி இயக்குபவர் சொல்கிறார். மார்ச் 11 அன்று ஊராட்சிச் செயலரிடம் நேரில் சொன்னோம். மார்ச் 18 அன்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்தோம், நகல் இணைத்துள்ளோம். வால்வை மாற்றி எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வழங்கவும், அதுவரை லாரியில் தண்ணீர் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம்.'

இதில் கண்ணீர் இல்லை. ஆனால் 'அதே தொட்டியிலிருந்து மேலத்தெருவுக்கு வருகிறது' என்ற ஒரு வரியில் சொல்ல வேண்டிய அநீதி முழுக்க வந்துவிட்டது. படிக்கிற அதிகாரிக்கும் அது புரியும்.

யாரிடம் கொடுப்பது என்பதில் வரிசை முக்கியம். எடுத்த எடுப்பிலேயே ஆட்சியரிடம் போனால் மனு திரும்பக் கீழேதான் வரும். முதலில் வேலை செய்ய வேண்டியவரிடம், அதாவது ஊராட்சிச் செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர் என்று அந்தந்தப் பொருளுக்கு உரியவரிடம் கொடுங்கள். முதியோர், விதவை உதவித்தொகை என்றால் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். காலனி மனைப் பட்டா என்றால் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர். அங்கே நகர்வில்லை என்றானபின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். கோடையில் நடக்கும் ஜமாபந்தி பட்டா, நில அளவை சம்பந்தமான மனுக்களுக்கு நல்ல வாய்ப்பு. அந்த வட்டத்தின் கிராமக் கணக்குகள் அப்போது தணிக்கைக்கு வந்திருக்கும், கிராம நிர்வாக அலுவலரும் அங்கேயே இருப்பார்.

எந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டோ, நகலில் முத்திரையும் தேதியும் போட்ட கையெழுத்தோ வாங்காமல் வராதீர்கள். 'வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்' என்பார்கள். அப்படி வைத்துவிட்டு வந்த மனு கொடுக்காத மனுதான். வாங்க மறுத்தால் பட்டுவாடாச் சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

அப்புறம் சங்கத்தின் பதிவேடு. ஆறு கட்டம் போட்டால் போதும்: மனு எண், தேதி, யாரிடம், என்ன கேட்டோம், என்ன பதில், அடுத்து எந்தத் தேதியில் யார் போய்க் கேட்பது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் மனு எதுவும் இருக்கக் கூடாது. மாதக் கூட்டத்தில் வேறு எதைப் பேசுவதற்கு முன்பும் இந்தப் பதிவேட்டை வரிசையாக வாசியுங்கள். சலிப்பாக இருக்கும். 'பி.டி.ஓ. ஆபீஸ் போறது யாரு?' என்று கேட்டால் எல்லாரும் செல்போனைப் பார்ப்பார்கள். அதனால்தான் அதைப் பேரோடு எழுதச் சொல்கிறேன்.

6. தகவல் அறியும் உரிமைச் சட்டம்

மனுவுக்கு 30 நாளாகியும் பதில் இல்லை என்றால் ஆர்.டி.ஐ. போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலும் ஏற்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்றோடு போட்டால் கட்டணம் இல்லை. குடிமக்களுக்குத்தான் இந்த உரிமை என்று சட்டம் சொல்வதால் சங்கத்தின் பெயரில் போடாமல் ஒரு தனிநபர் பெயரில் போடுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

'ஏன் எங்களுக்குத் தண்ணீர் தரவில்லை?' என்று கேட்டால் 'இது தகவல் வரையறைக்குள் வராது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் மனு எண் இது, தேதி இது. அதன் மீது நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை என்ன. கோப்பு இப்போது எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருக்கிறது. அந்த ஊராட்சியின் குடிநீர்ப் பராமரிப்புச் செலவுப் பதிவேட்டின் நகல் தருக. கோப்பை நேரில் பார்வையிட ஒரு தேதி தருக. இந்த நான்கு போதும். நம் அனுபவத்தில் பாதி வேலை, பதில் வருவதற்கு முன்பே நடந்துவிடும். பதில் எழுத உட்காரும்போதுதான் அலுவலகத்திலேயே கோப்பைத் தேடுகிறார்கள்.

பதில் 30 நாளில் வரவேண்டும்; உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். வரவில்லை என்றாலும் திருப்தி இல்லை என்றாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம், புதுச்சேரி அரசு அலுவலகம் என்றால் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையம். எல்லையோர ஊர்க்காரர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

7. கிராம சபை

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடும் நாள் நான்காக இருந்தது. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறானது. மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தால்தான் சபை செல்லும். வந்த எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள், தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அதில் போடுங்கள். நம் கோரிக்கையைத் தீர்மானமாகவே எழுதிக் கொண்டுபோய், சபையில் வாசித்து, புத்தகத்தில் ஏறும்வரை அங்கேயே நிற்க வேண்டும். 'பொருள் விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் அது தீர்மானம் இல்லை. கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அப்படித் தலைவர் இல்லாத காலத்திலும் சபை கூட வேண்டும், தீர்மானமும் செல்லும்.

கடலூர் நகரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. 45 வார்டு. நகரத்தில் பகுதி சபைகளும் வார்டு குழுவும்தான் கிராம சபையின் இடத்தில் இருக்கின்றன. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். புதுச்சேரியில் இந்தக் கதவே இல்லை. அங்கே கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடம்தான் போக வேண்டும்.

8. வன்கொடுமை வழக்குகள்

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது நடக்கும் சாதிக் கொடுமைகளைத்தான் சட்டம் வன்கொடுமை என்கிறது. இந்த வேலைக்குத்தான் சங்கம் நன்றாகத் தயாராக வேண்டும். சம்பவம் நடந்த அன்றே ஊரில் இரண்டு விஷயம் தொடங்கிவிடும்: 'பேசி முடிச்சுக்கலாம்' என்று கட்டப்பஞ்சாயத்து, பாதிக்கப்பட்டவர் மீதே ஒரு எதிர்ப் புகார். இரண்டுக்கும் முன்னால் காவல் நிலையத்துக்குப் போவதுதான் முதல் வேலை.

புகாரில் பாதிக்கப்பட்டவரின் சாதியையும் தாக்கியவர்களின் சாதியையும் எழுதுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியது என்றால் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். 'தகாத வார்த்தை' என்று நாகரிகமாக எழுதினால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். எந்த இடத்தில், யார் யார் பார்க்க நடந்தது என்பதும் வேண்டும், ஏனென்றால் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் என்பதைச் சாதி சொல்லித் திட்டுவதற்கான சட்டப் பிரிவு கேட்கிறது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்து, எப்படி அடிபட்டது என்று விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டுக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வன்கொடுமைப் புகாருக்கு சி.எஸ்.ஆர். போதாது. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணையும் தேவையில்லை. பதிய மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். கடமை தவறும் அரசு ஊழியர் மீது நடவடிக்கைக்கு அதே சட்டத்தில் 4-வது பிரிவு இருக்கிறது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. 60 நாளில் குற்றப்பத்திரிகை. முன்ஜாமீன் கிடையாது. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் தீருதவித் தொகை தீர்ப்புக்குப் பிறகு வருவது இல்லை. முதல் தகவல் அறிக்கைக் கட்டத்திலேயே ஒரு பகுதி கிடைக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வந்துபோகப் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும் உண்டு. இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கான விதிகளில் 17-ன்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அரசு சாரா அமைப்புகளோடு தொடர்புடையவர்களுக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் சங்கம் அந்த இடத்துக்கு முயலட்டும். கிடைக்காவிட்டாலும் கடந்த இரண்டு ஆண்டின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். எத்தனை வழக்கு நிலுவை, எத்தனை பேருக்குத் தீருதவி பாக்கி என்று மாவட்டக் கணக்கே கைக்கு வந்துவிடும். ஒரு சங்கம் மாவட்ட அளவில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

இதில் காலம் எவ்வளவு ஆகும் என்பதையும் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விருத்தாசலம் அருகே 2003-ல் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகி - முருகேசன் தம்பதி கொல்லப்பட்டார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். 13 பேருக்குத் தண்டனை. அதில் காவல் துறையினரும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தது 2025 ஏப்ரலில். இவ்வளவு வருடம் சில சாட்சிகளாவது நிலைத்து நின்றதால்தான் அந்த வழக்கு நின்றது. சாட்சி சொல்பவரின் வீட்டுக்கு அடிக்கடி போவது, அவருடைய நூறு நாள் வேலை நிற்காமல் பார்ப்பது, வாய்தா தேதியன்று கூடப் பஸ் ஏறுவது எல்லாம் சங்கத்தின் வேலைதான். எந்தப் பத்திரிகையிலும் போட்டோ வராது.

வக்கீலுக்கு: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் யாரானாலும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 எண்ணிலோ கேட்கலாம்.

குழந்தைகள், பாலியல் வன்முறை சம்பந்தப்பட்டது என்றால் கூடுதல் கவனம். 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லிவிடுங்கள். போக்சோ குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தையின் பெயர், பள்ளி, தெரு, அம்மா அப்பா முகம் எதுவும் வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது. 'நீதி கேட்டு' என்று போஸ்டர் அடித்து ஊரையே அடையாளம் காட்டிவிடும் ஆர்வக்கோளாறை முதல் கூட்டத்திலேயே தடை செய்யுங்கள்.

9. சான்றிதழ், வெள்ளம்

இருளர் குடும்பங்களோடு வேலை செய்தால் பெரும்பாலும் முதல் பிரச்சினை சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தருவார். அதற்கு நேரில் விசாரணை நடக்கும். அப்பா, பெரியப்பா, அத்தை வழியில் யாருக்காவது சான்று இருந்தால் அதன் நகலோடு வம்சாவளிப் படம் ஒன்று வரைந்து இணையுங்கள். புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்புவரை எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அண்ணன் பழங்குடி, அந்தப் பக்கம் கல்யாணமாகிப் போன தங்கைக்கு ஒன்றும் இல்லை. செங்கல் சூளையில் முன்பணத்துக்காகப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தால் 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். மீட்டபின் விடுதலைச் சான்று வாங்காமல் யாரையும் பஸ் ஏற்றாதீர்கள். மறுவாழ்வு உதவி முழுக்க அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

இன்னொரு பெரிய வேலை மழைக்காலம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று இந்த மாவட்டம் பார்க்காதது இல்லை. ஒவ்வொரு முறையும் நிவாரணப் பட்டியலில் ஒரே மாதிரி ஆட்கள்தான் விடுபடுகிறார்கள். படகு வைத்திருந்தவரின் இழப்பைக் கணக்கிடுவது எளிது. தலைச்சுமையாக மீன் விற்றவர், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர், புறம்போக்கில் குடிசை போட்டவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆகவே செப்டம்பருக்குள் தெருவாரியாகச் சங்கம் தன் பட்டியலை எடுத்து வைக்கட்டும்: குடிசை வீடுகள், ரேஷன் அட்டை இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், படுத்த படுக்கையில் இருப்பவர்கள். அதன் நகலை மழைக்கு முன்பே வட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வெள்ளம் வடிந்தபின் 'இவர் இங்கே குடியிருக்கவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது.

10. ஆர்ப்பாட்டம், செய்தி

தெருவில் இறங்குவது கடைசியில். கடலூரில் தலைமைத் தபால் நிலையம் முன்பு ஆர்ப்பாட்டம் நடக்காத வாரம் குறைவு; அதனாலேயே அதற்கு ஒரு பழகிய அலட்சியமும் உண்டு. காவல் துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். இடம், நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி எல்லாம் அதில் இருக்கட்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள், நீதிமன்றம் போக அதுதான் தேவை. பாதிக்கப்பட்ட தெருக்காரர்களே பேசட்டும், சங்கத் தலைவர் கடைசியில் இரண்டு நிமிடம் பேசினால் போதும். நிருபர்களுக்கு உணர்ச்சியான அறிக்கையைவிட மனுக்களின் தேதி வரிசை போட்ட ஒரு தாள் உதவும்: எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம், என்ன பதில் வந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் அதிகாரியிடம் கேள்வி கேட்பார்.

வேலை நடந்துவிட்டால், வால்வை மாற்றிய அதிகாரிக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். சால்வையும் போட்டோவும் வேண்டாம்.

நிர்வாகம் மாறும்போது பதிவேடு, ஒப்புகைச் சீட்டுகள், வழக்குக் கட்டுகள், ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, பழைய செயலாளரும் புதியவரும் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும் என்று துணை விதியிலேயே எழுதிவிடுங்கள். நிலுவையில் உள்ள ஒவ்வொரு மனுவுக்கும் அடுத்த தேதியும் போக வேண்டியவர் பெயரும் அன்றைய கூட்டத்திலேயே மாற்றி எழுதப்பட வேண்டும்.